பாடக்குறிப்பின் நடுவே ஒரு கோடு

ஆறாம் வகுப்பில் தசம எண்கள் நடத்திய ஒரு காலைப் பொழுதில் இருந்து தொடங்குகிறேன். அன்று பாடக்குறிப்பில் எழுதியது எதுவும் பிசகவில்லை. முதல் 10 நிமிடம் பழைய பாடத்தை நினைவூட்டும் கேள்விகள், அடுத்த 15 நிமிடம் இடமதிப்பு அட்டவணையோடு விளக்கம், பிறகு பயிற்சி. "0.3, 0.62 இரண்டில் எது பெரியது?" என்று கேட்டேன். மொத்த வகுப்பும் 0.62 என்றது. மணி அடித்தது. பாடம் முடிந்தது என்று குறிப்பேட்டில் டிக் போட்டுவிட்டு நிறைவோடு வெளியே வந்தேன்.

மறுநாள் வேறொரு கணக்குக்காக 0.7, 0.65 என்று பலகையில் எழுத நேர்ந்தது. எது பெரியது என்று போகிற போக்கில்தான் கேட்டேன். பாதி வகுப்புக்கு மேல் 0.65 என்றது. முன் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து காரணத்தையும் தெளிவாகச் சொன்னாள்: "ஏழைவிட அறுபத்தஞ்சு பெரிசு, டீச்சர்."

"அப்போ நேத்து 0.62 பெரிசுன்னு எப்படிச் சொன்னே?"

"மூணைவிட அறுபத்திரண்டு பெரிசாச்சே!"

முந்தின நாள் எனக்குக் கிடைத்த சரியான விடைகளில் பாதி, தவறான காரணத்தால் வந்த சரியான விடைகள். புரிந்த பிள்ளையும் புரியாத பிள்ளையும் ஒரே விடையைச் சொல்லும்படி நான் கேள்வியை அமைத்திருந்தேன். அந்த 45 நிமிடத்தில் நான் என்ன செய்வேன் என்பது பாடக்குறிப்பில் நிமிடக் கணக்கில் இருந்தது. பிள்ளைகளின் தலைக்குள் என்ன ஓடும் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

அன்று மாலை குறிப்பேட்டில் அடுத்த பக்கத்தைத் திறந்து, நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் நான் கேட்கப்போவது, செய்யப்போவது. வலப்பக்கம் பிள்ளைகள் என்ன சொல்லக்கூடும், எங்கே தடுமாறக்கூடும். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ படிவங்கள், அட்டவணைகள், செயலிகள் கைக்கு வந்துவிட்டன. எது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, அந்த வலப்பக்கத்துக்கு அதில் இடம் இருக்கிறதா என்பதைத்தான்.

இதற்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பாடக்குறிப்புப் படிவத்தில் 14 கட்டங்கள் இருந்தன. பொது நோக்கம், சிறப்பு நோக்கம், துணைக்கருவி, முன்னறிவு என்று வரிசையாகப் போகும். திங்கட்கிழமை காலை மேசையில் வைக்க வேண்டும். மாலைக்குள் கையெழுத்தோடு திரும்பி வரும். எழுதியதைப் பற்றி ஒரு தடவைகூட யாரும் என்னிடம் பேசியதில்லை. பாடம் நடந்த பிறகு என்ன ஆயிற்று என்று எழுத அதில் இடமே கிடையாது. ஞாயிறு இரவுகளில் முந்தின ஆண்டுக் குறிப்பைப் பார்த்து எழுதி முடிப்போம். திட்டமிடுவது என்றாலே அலுப்பு என்று அந்த நாள்களில் நினைத்திருந்தேன். எனக்கு அலுப்புத் தந்தது திட்டமிடல் அல்ல, கண்காணிப்புக்காக நிரப்பிய காகிதம் என்பது புரியப் பல ஆண்டுகள் ஆயின. இப்படி அலுத்துப்போன ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையே இல்லை. யாரும் படிக்காத ஒன்றை வாரம் தவறாமல் எழுதச் சொன்னால் யாருக்கும் கை சோர்ந்துதான் போகும்.

சரி, அந்த வலப்பக்கத்தில் என்னதான் எழுதுவது? தசமத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

தசம எண்களை ஒப்பிடும்போது பிள்ளைகளிடம் வழக்கமாகக் காணப்படும் பிழையான எண்ணங்கள் இரண்டு. புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடினால் எண் பெரியது என்பது ஒன்று. முழு எண்களில் பழகியதை அப்படியே இங்கே கொண்டு வருகிறார்கள். அந்த மாணவி சொன்னது இதுதான். இதற்கு நேர் எதிரானது இன்னொன்று. பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சிறியது என்று கற்றுக்கொண்ட பிள்ளை, நூறில் வரும் எதுவுமே பத்தில் வருவதைவிடச் சிறியது என்று முடிவு கட்டிவிடும். அந்தப் பிள்ளைக்கு 0.83-ஐவிட 0.4 பெரியது.

இப்போது கேள்விகளைப் பாருங்கள். 0.7, 0.65 என்று கேட்டால் முதல் வகைப் பிழை மாட்டும். ஆனால் இரண்டாம் வகைப் பிள்ளை 0.7 என்று சரியாகச் சொல்லித் தப்பித்துவிடும். 0.4, 0.83 என்று கேட்டால் இரண்டாம் வகை மாட்டும், முதல் வகை தப்பித்துவிடும். அதனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். 0.08, 0.3 என்று மூன்றாவதாக ஒரு ஜோடி வைத்தால், புள்ளிக்கு அடுத்து வரும் பூச்சியத்தைக் கண்டுகொள்ளாமல் எட்டையும் மூன்றையும் ஒப்பிடுகிற பிள்ளைகள் தெரிந்துவிடுவார்கள். 0.5, 0.50 நான்காவது. நான் அன்று கேட்ட 0.3, 0.62 மட்டும் தனியாக இருந்தால் பாதிப் பேரின் குழப்பம் வெளியே வராது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு வேண்டியிருந்தது ஒரு அமைதியான அரை மணி நேரமும், 'இதற்குத் தப்பாக விடை சொல்லும் பிள்ளை எப்படி யோசித்திருக்கும்' என்ற கேள்வியும்தான். வகுப்பின் நடுவே, 40 முகங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இதை யோசித்து எடுக்க என்னால் முடிந்ததில்லை.

வலப்பக்கம் நிரம்பியதும் இடப்பக்கம் தானாக மாறிவிடும். இடமதிப்பு அட்டவணையை மறுபடி விளக்குவதற்குப் பதில், ஒரு மீட்டர் நீளக் காகித நாடாவைப் பத்தாக மடிக்கச் சொல்வேன், அதில் ஒரு பங்கை மறுபடி பத்தாகப் பிரிக்கச் சொல்வேன். 0.7 மீட்டர் எங்கே, 0.65 மீட்டர் எங்கே என்று அவர்களே விரலை வைத்துக் காட்டுவார்கள். 65 என்று சொன்ன மாணவிக்கு நான் ஒன்றுமே விளக்க வேண்டியிருக்கவில்லை. நாடாவைப் பார்த்தாள், தன் விடையை அடித்துவிட்டு மாற்றி எழுதினாள்.

நான் போட்ட கோடு புதிது இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஜப்பானில் 'ஜுக்யோ கென்க்யூ' என்று ஒரு வழக்கம், நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது. பாட ஆய்வு என்று சொல்லலாம். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள், முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். அவர்களுடைய பாடக்குறிப்பில் ஆசிரியரின் கேள்விக்குப் பக்கத்திலேயே, மாணவர்கள் எப்படியெல்லாம் பதில் சொல்லக்கூடும் என்பதற்கு ஒரு பத்தி இருக்கும். கரும்பலகையையும் முன்கூட்டியே வரைந்து வைப்பார்கள். அதற்கு 'பன்ஷோ' என்று பெயர். பாடத்தின் தொடக்கத்தில் எழுதிய கேள்வியும், நடுவே பிள்ளைகள் சொன்ன வழிகளும், கடைசி முடிவும் ஒரே பலகையில் அழியாமல் நிற்கும்படி இடம் ஒதுக்குவார்கள். மணி அடிக்கும்போது ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்த்தால் அன்றைய யோசனையின் முழுப் பாதையும் கண்முன் இருக்கும். நான் எழுத எழுத அழித்துக்கொண்டே போகிறவளாக இருந்தேன். பன்ஷோவைப் பற்றிப் படித்த வாரமே பலகையின் படத்தைக் குறிப்பேட்டில் சிறிதாக வரைய ஆரம்பித்தேன். குறிப்பு எடுப்பதில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மாற்றம் எவ்வளவு உதவியது என்பது அவர்கள் நோட்டுகளைத் திருத்தும்போது தெரிந்தது.

திட்டமிடலைப் பற்றி யோசித்தவர்கள் ஏராளம். 1949-இல் ரால்ஃப் டைலர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் நான்கு கேள்விகளை முன்வைத்தார்: எதை அடைய விரும்புகிறோம், அதற்கு எந்த அனுபவங்கள் உதவும், அவற்றை எப்படி வரிசைப்படுத்துவது, அடைந்துவிட்டோம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது. பெஞ்சமின் புளூம் என்ற கல்வி உளவியலாளரின் குழு 1956-இல் கற்றல் நோக்கங்களை எளியதில் இருந்து கடினமானது வரை ஆறு படிநிலைகளாகப் பிரித்துத் தந்தது. பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் தங்களுக்குள் வினாக்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு பொது மொழி வேண்டும் என்பதில்தான் அந்த வேலை தொடங்கியது. பாடக்குறிப்பில் 'வகைப்படுத்துவர், பகுத்தாய்வர்' என்று வினைச்சொற்களை அடுக்குவதற்கு அது பயன்பட ஆரம்பித்தது பின்னால்தான். அந்தச் சொற்பட்டியலால் எனக்குப் பெரிய உதவி எதுவும் கிடைத்ததில்லை.

எனக்கு உதவியது கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டைகும் 1998-இல் எழுதிய வழி. பின்னாலிருந்து முன்னால் திட்டமிடுவது. கடைசியில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய். அது தெரிந்துவிட்டது என்பதற்கு எதைச் சாட்சியாக ஏற்பாய் என்று அடுத்துக் கேள். என்ன நடத்துவது என்பதைக் கடைசியாக யோசி. கேட்பதற்கு எளிது. ஆனால் நாங்கள் பழகியது அப்படியே தலைகீழ். பாடநூலைத் திற, பக்கங்களைப் பிரி, நடத்து, கேள்வித்தாளை அப்புறம் பார்த்துக்கொள். இந்த வரிசையை மாற்றியதும் முதலில் நடந்தது என்னவென்றால், நான் பெரிதும் விரும்பி நடத்திக்கொண்டிருந்த ஒரு செயல்பாடு குறிப்பேட்டில் இருந்து வெளியே போனது. வண்ணத்தாள் வெட்டி ஒட்டும் செயல்பாடு அது. பிள்ளைகளும் மகிழ்ச்சியாகச் செய்வார்கள். இரண்டு பாடவேளை எடுத்துக்கொள்ளும். ஆனால் அதைச் செய்து முடித்த பிள்ளைக்குத் தசமத்தில் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது. விட மனமில்லாமல்தான் விட்டேன்.

சாட்சி என்று நான் இப்போது வைத்திருப்பது கடைசி ஐந்து நிமிடச் சீட்டு. கால் தாள் அளவு, ஒரே ஒரு கேள்வி. எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போகலாம். ஆசிரியர் அறைக்குப் போனதும் மூன்று அடுக்காகப் பிரிப்பேன்: புரிந்தவர்கள், பாதி புரிந்தவர்கள், வேறு ஏதோ யோசித்தவர்கள். 10 நிமிடத்துக்கு மேல் ஆகாது. மதிப்பெண் கிடையாது. மூன்றாவது அடுக்கைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன், ஏனென்றால் மறுநாளின் வலப்பக்கம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. சில நாள் அந்த அடுக்கு கனமாக இருக்கும். அன்று மறுநாள் திட்டத்தைப் பென்சிலால் அடித்துவிட்டுப் புதிதாக எழுதுவேன். பென்சிலில்தான் எப்போதும் எழுதுகிறேன்.

திட்டம் இருந்தால் வகுப்பில் உயிர் இருக்காது, எழுதியதைப் பார்த்து ஒப்பிப்பது போல ஆகிவிடும் என்று சில நண்பர்கள் சொல்வார்கள். என் அனுபவத்தில் அப்படி நடந்ததில்லை. எதிர்பாராத கேள்வி வரும்போது அதன் பின்னால் போகலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்க, எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திட்டமில்லாத நாள்களில் நான் பயந்துகொண்டு பாடநூலை ஒட்டியே நடத்தியிருக்கிறேன். பிள்ளையின் கேள்வியை 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளியதெல்லாம் அந்த நாள்களில்தான்.

குறிப்பேட்டின் ஓரத்தில் எல்லாப் பக்கத்திலும் '3' என்று ஒரு எண் இருக்கும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர், வகுப்பறைகளில் ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். 1970-களில் வெளிவந்த ஆய்வு. இன்றும் நான் மறந்துவிடுகிற விஷயம் இது. அதனால் எழுதி வைத்துக்கொள்கிறேன். மூன்றாவது விநாடியில் எழுந்த கைகள் சிலவற்றை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இதுவரை ஆசிரியர் பக்கத்தையே பேசிவிட்டேன். திட்டத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டலாம் என்ற எண்ணம் எனக்கு வெகு தாமதமாகத்தான் வந்தது. இப்போது ஒவ்வொரு அலகு தொடங்கும்போதும் ஒரு பக்கத் தாள் கொடுக்கிறேன். 'இரண்டு தசம எண்களில் எது பெரியது என்று காரணத்தோடு சொல்வேன்', 'ஒரு தசம எண்ணை எண்கோட்டில் குறிப்பேன்' என்று அவர்கள் சொல்வது போலவே ஏழெட்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று சிறு கட்டங்கள்: முடியும், தடுமாறுகிறேன், இன்னும் இல்லை. எதை எந்த வாரம் பார்ப்போம் என்பதும் இருக்கும். தாளை நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்வார்கள்.

உடல்நலமில்லாமல் இரண்டு வாரம் வராமல் இருந்த ஒரு மாணவன் திரும்பி வந்தான். முன்பெல்லாம் இப்படி வரும் பிள்ளை யாரிடமாவது நோட்டை வாங்கி, புரியாமலேயே பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கும். இவன் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, "டீச்சர், மூணாவதும் நாலாவதும் எனக்குத் தெரியும். அஞ்சாவதில் இருந்து இல்லை" என்றான். எங்கே தொடங்க வேண்டும் என்பதை அவனே சொல்லிவிட்டான். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளிடமும் இந்த மாற்றத்தைப் பார்க்கிறேன். "எனக்குக் கணக்கே வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், "எண்கோடு வருது, கூட்டல் வரலை" என்கிறார்கள். முதலாவதைக் கேட்டு என்னால் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவதைக் கேட்டால் மதிய இடைவேளையில் 15 நிமிடம் உட்கார்ந்து சரிசெய்யலாம்.

அந்தத் தாளில் இன்னொன்றும் சேர்த்திருக்கிறேன். திரும்பி வரும் நாள்கள். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று 1885-இல் வெளியிட்டார். கற்ற முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும், பிறகு மறதி மெதுவாகும். ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள்களைப் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பில் நிற்கும் என்றார். இது தெரியாத ஆசிரியர் குறைவு. ஆனால் தெரிந்தும், ஒரு பாடத்தை முடித்தால் ஆண்டுத் தேர்வு வரை அதைத் தொடுவதில்லை. தனித்தனி நாளுக்குக் குறிப்பு எழுதும்போது இந்தத் தவறு கண்ணில் படவே படாது. முழுப் பருவத்தையும் ஒரே தாளில் விரித்து வைத்தால்தான் தெரியும். நான் விரிதாளில் வாரங்களை வரிசையாகப் போட்டு, தசமம் முடிந்த அடுத்த வாரத்தில் ஒரு கேள்வி, மூன்றாம் வாரத்தில் ஒன்று, ஏழாம் வாரத்தில் ஒன்று என்று நிறமிட்டு வைத்திருக்கிறேன். பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் அதைக் கேட்பேன். கணினி எனக்குத் தந்த நல்ல உதவிகளில் இது முக்கியமானது. வேறு யாரும் கவனிக்காத ஒன்றை மறக்காமல் நினைவூட்டுகிறது.

ஒரே வகுப்பை நடத்தும் நாங்கள் மூன்று பேர் அந்த விரிதாளைப் பகிர்ந்துகொள்கிறோம். புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் முதல் வாரத்திலேயே சொன்னார்: "அக்கா, உங்க வலப்பக்கத்தைப் படிச்சிட்டு வகுப்புக்குப் போனேன். நீங்க எழுதின அதே வார்த்தையை ஒரு பையன் சொன்னான்." அனுபவம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த மாதிரிக் குறிப்புகள்தான். எழுதி வைக்காததால் ஆசிரியர் ஓய்வு பெறும்போது கூடவே போய்விடுகிறது. அந்தப் புதிய ஆசிரியை சேர்த்த குறிப்புகளும் இப்போது விரிதாளில் இருக்கின்றன. என் பார்வைக்கு எட்டாத இரண்டு பிழைகளை அவர்தான் கண்டுபிடித்தார்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வழி ஒத்துவராது என்பதையும் எழுதும்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது. ரொனால்ட் மேஸ் என்ற கட்டடக் கலைஞர், படிகள் மட்டும் கட்டிவிட்டு அப்புறம் சாய்தளம் சேர்ப்பதைவிட, எல்லோரும் ஏறக்கூடிய வாசலை முதலிலேயே வரையலாம் என்றார். 1984-இல் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற அமெரிக்க அமைப்பு அந்த எண்ணத்தைக் கற்பித்தலுக்குக் கொண்டுவந்தது. பார்வைக் குறைவுள்ள ஒரு மாணவிக்காக நான் நாடாவில் மடிப்புகளைத் தடவிப் பார்க்கும்படி ஆழமாக அழுத்தச் சொன்னேன். கடைசியில் வகுப்பில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் எண்ணிப் பார்த்தார்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு கேட்காதவர்கள் இல்லை: இனிமேல் பாடக்குறிப்பு எழுத வேண்டுமா? தலைப்பைக் கொடுத்தால் அரை நிமிடத்தில் 14 கட்டங்களையும் நிரப்பித் தந்துவிடுகிறதே. அந்தப் படிவத்துக்குத் தாராளமாகத் தரட்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை. நானும் பயன்படுத்துகிறேன். 'இலக்கம் கூடினால் பெரியது என்று நினைக்கும் பிள்ளை தவறாகச் சொல்லும்படி 20 ஜோடித் தசம எண்கள் வேண்டும்' என்று கேட்பேன். வருவதில் சில பொருந்தாது, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிப்பேன். ஒரு மாலை வேலை கால் மணி நேரத்தில் முடியும். ஆனால் பாடம் முழுவதையும் எழுதித் தரச் சொன்ன நாளில் ஒன்றைக் கவனித்தேன். தாளில் எல்லாம் இருந்தது, என் மனதில் எதுவும் இல்லை. வகுப்பில் ஒரு பையன் சொன்ன தவறான விடையைக் கேட்டு நின்றேன். அது தாளின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. நான் யோசித்து எழுதியிருந்தால் அந்த விடைக்காகக் காத்திருந்திருப்பேன். அதனால் வலப்பக்கத்தை முதலில் நானே எழுதுகிறேன். பிறகு, நான் விட்டது என்ன என்று கருவியைக் கேட்கிறேன். அந்த வரிசையை மட்டும் மாற்றுவதில்லை.

நாளை மறுபடியும் தசமம் தொடங்குகிறது. நேற்று இரவு சென்ற ஆண்டுக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். வலப்பக்கத்தின் அடியில், பாடம் முடிந்தபின் அவசரமாகக் கிறுக்கியது: '0.5, 0.50 – மூன்று பேர் 0.50 பெரியது என்றார்கள். சமம் என்று காட்டினேன். ஒருவன் கேட்டான், அப்போ 0.500? இன்னும் பூச்சியம் போட்டுக்கொண்டே போனால்? மணி அடித்துவிட்டது. பதில் சொல்லவில்லை. அடுத்த தடவை இங்கிருந்து தொடங்கு.'

இடப்பக்கத்தின் முதல் வரியாக அந்தக் கேள்வியை எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே 3. வலப்பக்கத்தில் இதுவரை நான்கு பதில்கள் எழுதியாகிவிட்டது, ஐந்தாவதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.